பெட்டி வாங்கும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆங்கில நூலகத்துக்கு அங்கே ஓர் அறை அமைந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. புத்தகம் திரட்டுவதை இந்தப் பக்கம் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் எத்தனை புத்தகம், யார் படிக்க என்று நீ எழுதவில்லையே! அது தெரியாமல் ஒரு பெட்டியைக்கூட வாங்கக் கூடாது.

முதலில் சுவரை அளந்து எழுது. ஒரு மீட்டர் தட்டில் பெரியவர்களுக்கான புத்தகம் 30, 35 நிற்கும். சிறுவர் படப் புத்தகம் மெலிசு, இரண்டு மடங்குக்கு மேல் அடங்கும். ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு காலியாக இருக்கட்டும். நெருக்கி அடைத்தால் உருவும்போது முதுகு கிழியும். பலகை 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுவில் தாங்கு கொடு, இல்லாவிட்டால் தொய்ந்துவிடும்.

அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அவர்களுக்கு வேண்டியது படம் நிறைந்த, சின்னச் சின்ன அத்தியாயங்கள் உள்ள, படிநிலை குறித்த வாசிப்புப் புத்தகங்கள். கொடுப்பவர்கள் எடுத்து வருவதோ பழைய கலைக்களஞ்சியம், காலாவதியான கணினிக் கையேடு, விடை எழுதிய பயிற்சிப் புத்தகம், கட்டுக்கட்டாக வார இதழ். அதனால் அறிவிப்பிலேயே வேண்டியதைவிட வேண்டாததைத்தான் விரிவாக எழுதவேண்டும். அப்படியும் வருவதில் பாதியைக் கழிக்க நேரும். மருத்துவம், சட்டம், கணினி என்றால் ஐந்தாண்டுக்கு மேற்பட்டது எதுவும் வேண்டாம்; பழைய மருந்தளவைப் படித்து யாராவது நம்பிவிட்டால் கேடு. இலவசம்தானே என்று குப்பையை அனுப்புவது படிக்கிறவரை அவமதிப்பது.

தரம் பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கவேண்டும். தாளில் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் பயமில்லை. பஞ்சுபோல் படிந்து, தொட்டால் விரலில் ஒட்டி, மக்கிய வாடை அடித்தால் பூஞ்சை. அந்த ஒன்று பெட்டி முழுவதையும் கெடுத்துவிடும். பூச்சி இருக்குமோ என்று சந்தேகமிருந்தால், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர் முழுக்க விட்டு அறைச் சூட்டுக்கு வரட்டும், அவசரப்பட்டால் தாளில் நீர் கோத்துவிடும்.

பெட்டி சிறிதாக, இரட்டை அடுக்கு அட்டையில், 15 கிலோவுக்குள் இருக்கட்டும். பெரிய பெட்டி அடியில் பிளந்துவிடும். புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கலாம், முதுகு கீழே இருக்கும்படியும் வைக்கலாம். திறக்கும் பக்கம் கீழே இருந்தால் தாள்களின் கனத்தில் முதுகு பிய்ந்துவிடும். பெட்டிக்கு எண், எண்ணுக்கு ஒரு பட்டியல்.

கொஞ்சம்தான் என்றால் அஞ்சலில் ‘எம் பேக்’ பை இருக்கிறது: அச்சிட்டவை மட்டும், ஒரே முகவரிக்கு, பை 30 கிலோ வரை. எல்லா நாட்டிலும் கிடைக்காது, விசாரித்துக்கொள். நிறைய இருந்தால் கப்பல். பெட்டிகளை மரத் தட்டில் (பேலட்) அடுக்கினால் அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கவேண்டும்; மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு பரவாமலிருக்க வந்த சர்வதேச விதி அது. வெப்பமுறை என்றால் மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டிருக்கும். முத்திரை இல்லாத தட்டைப் பல துறைமுகங்களில் உள்ளே விடமாட்டார்கள். கன்டெய்னருக்குள் இரவில் நீர் வியர்க்கும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் அவசியம்.

சுங்கத்தில்தான் உன் வேலை. 1950இல் யுனெஸ்கோ கொண்டுவந்த ஃப்ளோரன்ஸ் ஒப்பந்தத்தில் உன் நாடு சேர்ந்திருந்தால் புத்தகத்துக்கு இறக்குமதி வரி கிடையாது. துறைமுகக் கட்டணம், முகவர் கூலி, கிடங்கு வாடகை அதில் அடங்காது. பெறுபவர் என்ற இடத்தில் உன் பெயர் வேண்டாம், பதிவுபெற்ற அமைப்பின் பெயர் வரட்டும். மதிப்பைச் சுழியம் என்று போட்டால் கேள்வி வரும். நியாயமான ஒரு சிறு தொகையும் ‘பழைய புத்தகம், நன்கொடை, விற்பனைக்கல்ல’ என்ற வாசகமும் இருக்கட்டும். வகைப்பாட்டு எண் 4901, சிறுவர் படப் புத்தகத்துக்கு 4903. சரக்கு கிளம்பும் முன்பே இந்தத் தாள்கள் உன் கையில் இருக்கவேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும்.

இன்னொன்று. உங்கள் பக்கத்து எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் நன்கொடையில் அநேகமாக வராது. கப்பல் கூலியில் மிச்சம் பிடித்தாவது அவற்றை அங்கேயே விலைக்கு வாங்கி, கதவுக்கு நேர் எதிர்த் தட்டில் அடுக்கு.

அன்புடன்,
முரளி