வாரம் பெர்ஸியில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளவர்களுக்கு,

பெயர் கேட்டுக்கொள்ளாமலே பிரிந்துவிட்டோம். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் மொழியில் சொன்னால்தான் எனக்கு நன்றி சொன்னதுபோல் இருக்கும். படிக்கிற தமிழர்கள் சாட்சியாக இருக்கட்டும். (அவர்களுக்காக ஒரு வரி: வாரம் என்பது இங்கே ஏழு நாள் கணக்கல்ல, இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பாழூர். அங்கே மிஞ்சியிருக்கும் தேவாலயத்தைப் பார்க்கத்தான் போனேன்.)

மால்டன் ரயில் நிலைய வாசலில் விழித்துக்கொண்டு நின்றவனை ஏற்றிக்கொண்ட தம்பதிக்கு முதல் வணக்கம். சொல்லிவைத்த டாக்ஸி வரவில்லை, தொலைபேசியை எடுக்கவும் ஆளில்லை. பஸ்ஸை நம்பிப் போகக்கூடிய இடமுமல்ல அது. "இடிந்த சர்ச்சும் புல்லும்தானே, அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே, உங்கள் வழியை விட்டு விலகி வெகுதூரம் வந்து இறக்கிவிட்டீர்கள். பெட்ரோலுக்குப் பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்துக்கும் நன்றி.

கார் நிறுத்துமிடத்திலிருந்து தேவாலயத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. என் காலணியை ஒருமுறை பார்த்துவிட்டு, உங்கள் கைத்தடியை என் கையில் திணித்தீர்களே, நாயுடன் நடந்து வந்த அம்மா, அந்தத் தடி என்னை மூன்று தடவை காப்பாற்றியது. "திரும்பும்போது கேட்டருகே மாட்டிவிட்டுப் போ, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றீர்கள். முன்பின் தெரியாதவனை இவ்வளவு நம்பியிருக்க வேண்டியதில்லை.

மேய்ச்சல் மாடுகளுக்குப் பயந்து கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்த என்னை, சிரிக்காமல் அழைத்துப்போன பண்ணை இளைஞருக்கும் நன்றி. இதை என் ஊரில் தயவுசெய்து யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இனி, பெரியவரே, உங்களிடம் வருகிறேன்.

பள்ளத்தாக்கின் அடியில், குளத்துக்குப் பக்கத்தில் அந்தத் தேவாலயம் நின்றது. புனித மார்ட்டின் தேவாலயம் என்று பெயர். கூரையில்லாத நீண்ட கூடம். மேற்கே கோபுரம், அதுவும் பாதிதான். 1959-இல் சரிந்தது போக நிற்கிற பாதி. பிளந்துவைத்த பலாப்பழம் மாதிரி உள்பக்கமெல்லாம் வெளியே தெரிகிறது. நான் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். "சுவரைப் படித்தாயிற்றா?" என்று கேட்டீர்கள். சுவரில் எழுத்து எதுவும் இல்லையே என்றேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள்.

வளைவுகளின் கல்வரிசை சுவருக்குள் புதைந்து தெரிந்தது. வளைவுக்கு நடுவில் வேறு கல்லை வைத்து அடைத்திருந்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்தது சின்ன மரத் தேவாலயம். அப்புறம் சிறிய கல் கட்டடம், பிறகு அதைவிடப் பெரியது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜனம் பெருகவே, தெற்குச் சுவரை வளைவுகளாகத் திறந்து ஒரு பக்கக்கூடம் சேர்த்தார்கள். அதுவும் போதாமல் வடக்கிலும் ஒன்று. பின்னாளில் ஆள் குறைந்ததும் இரண்டையும் இடித்துவிட்டு, திறந்த வளைவுகளைக் கல்லால் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் பெருகும்போது தாழ்வாரம் இறக்கி, அவர்கள் போனபிறகு அதைப் பிரித்துப்போடும் வீடு போல. ஓர் ஊரின் மக்கள்தொகைக் கணக்கைச் சுவரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

கொள்ளைநோய்தான் ஊரைத் துடைத்துவிட்டது என்று படித்த மிதப்பில் சொன்னேன். நீங்கள் இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய் அடித்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் இங்கே அடுப்பு புகைந்திருக்கிறது. 1500-ஐ ஒட்டி நிலவுடைமையாளர் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றினார். கம்பளி விலை அப்படி. ஏருக்கு ஊரே வேண்டும், ஆட்டுக்கு ஒரு மேய்ப்பன் போதும். கிருமியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எத்தனை பேர் தப்பித்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உங்களிடம் சொல்லவில்லை.

வீடுகள் புல்மேடாகிவிட்டன, தேவாலயம் மட்டும் எப்படி நின்றது? திக்ஸென்டேல் ஊர்க்காரர்களால். அவர்களுக்கும் இதுதான் பங்குக் கோயில். 1870-இல் சொந்தமாக ஒன்று கிடைக்கும்வரை, ஆளில்லாத ஊருக்கு மேடுபள்ளம் கடந்து வழிபட நடந்து வந்தவர்கள் அவர்கள். பெயர் தெரியாத அந்தக் கால்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி உண்டு. கடைசி ஆராதனை 1949-இல் நடந்தது. அடுத்த பத்தாண்டில் கூரையின் ஈயத்தைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனார்கள். கட்டடத்தைக் கொன்றது காலம் என்று நாம் அழகாகச் சொல்லிக்கொள்கிறோம். பல நேரங்களில் அது பழைய ஈயம் வாங்குகிற கடைக்காரர்தான்.

இவ்வளவையும் நீங்கள் அறிந்திருந்ததற்குக் காரணம், எழுபதுகளின் ஒரு கோடையில் மாணவராக இங்கே மண் சுமந்தவர் நீங்கள் என்பது. பொருளாதார வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டு 1948-இல் இந்தப் புல்மேடுகளை முதன்முதலில் வந்து பார்த்தார். 1950-இல் தோண்டத் தொடங்கினார். பின்னர் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்தார். 1990 வரை ஒவ்வொரு கோடையும் தன்னார்வலர்கள் திரண்டு வந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி வெட்டாமல், ஒரு வீட்டின் பரப்பு முழுவதையும் ஒன்றாகத் திறந்து பார்க்கும் முறை இங்கிலாந்தில் வேரூன்றியதில் இந்த இடத்துக்குப் பெரும் பங்குண்டு. இருவரும் இன்று இல்லை. அவர்களுக்கும், பட்டியலில் பெயர் வராத வாளிக்காரர்களுக்கும் என் நன்றி.

இந்தத் தேவாலயத்திலும் அதன் வளாகத்திலும் 700-க்குக் கொஞ்சம் குறைவான எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளின் எலும்பிலிருந்து, இங்கே தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்தார்களாம். ஊர்ப்பக்கக் குழிகளில் கிடைத்த வேறு சில எலும்புகளில் கத்தி வெட்டும் தீப்பட்ட தடமும் இருந்தன. செத்தவர் எழுந்து நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில் செய்தது என்பதே பொருத்தமான விளக்கம் என 2017-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு மறக்காதது வேறு. ஒரு கைக்குழந்தையின் விலா எலும்புகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்த நாளில், மதியச் சாப்பாட்டின்போது உங்கள் அணியில் யாரும் பேசவில்லை என்றீர்கள். சொல்லிவிட்டு நீங்களும் பேசவில்லை. எதிரே குளத்தில் ஒரு நீர்க்கோழி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

டிக்கெட் கேட்காமல் இந்த இடத்தைத் திறந்து வைத்து, சுவர் மேலும் விழாமல் பராமரிக்கிற இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்புக்கும் நன்றி. பாதையில் கொஞ்சம் சரளை கொட்டினால் இன்னும் நன்றி சொல்வேன்.

திரும்பும்போது அதே பண்ணை இளைஞர், ஆட்டு வாசனை வீசும் வண்டியில் என்னை ரயிலடி வரை கொண்டுவந்து விட்டார். நாயுடன் வந்த அம்மா, உங்கள் தடியைச் சொன்னபடி கேட்டருகே மாட்டிவிட்டேன். துடைக்கத் துணியில்லை, புல்லில்தான் தேய்த்தேன். அடியில் கொஞ்சம் சேறு ஒட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.