டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் மகளுக்கு, ஓட்டு விஷயமாக

அன்புள்ள கயல்,

"எல்லாவற்றையும் கோடீஸ்வரர்களே தீர்மானிக்கிறார்கள், நான் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பணத்தைப் பற்றி நீ சொல்வதில் நான் மறுக்க அதிகமில்லை. வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செலவழித்தால் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் வரம்பே கிடையாது என்று 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 தேர்தலில் எலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். மறுவருடம் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தபோது, கிரீன் பே நகரில் மேடை போட்டு, வாக்காளர்கள் இரண்டு பேருக்குத் தலா 10 லட்சம் டாலருக்கு ராட்சதக் காசோலை கொடுத்தார். நம் ஊரில் இருட்டிய பிறகு கதவைத் தட்டிக் கவரை நீட்டுவார்கள். அந்தக் கூச்சமாவது இருந்தது. ஆனால் அந்தத் தேர்தலில் அவர் ஆதரித்தவர் தோற்றுப்போனார். சூசன் கிராஃபோர்ட் சுலபமாக ஜெயித்தார். இதை மட்டும் நீ வசதியாக விட்டுவிட்டாய்.

ஓட்டுக்கு மதிப்பே இல்லையென்றால் அதைத் தடுக்க ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? நான் இருக்கும் ஜார்ஜியாவையே எடுத்துக்கொள். ஓட்டுப் போடுவதற்கே இங்கே வரி இருந்தது. 1877-இல் அதைச் சேர்ந்துகொண்டே போகும் பாக்கியாக மாற்றினார்கள்: கட்டாத வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் ஓட்டு. அடுத்தவன் நிலத்தில் பருத்தி விளைவித்துக் கடனிலேயே காலம் தள்ளிய கறுப்பின விவசாயி அதை எங்கே கட்டுவான்? ஏழை வெள்ளையர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். 1945 வரை அந்த வரி இருந்தது.

இப்போது வசூலிப்பது நேரத்தை. 2020 ஜூனில், அட்லாண்டாவுக்குத் தெற்கே கறுப்பின மக்கள் அதிகம் வாழும் யூனியன் சிட்டியில், ஒரு சாவடியில் கடைசி ஆள் ஓட்டுப் போட்டபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த வரிசையின் விலை என்ன என்று யோசித்துப் பார். மத்திய வங்கியின் 2022 கணக்குப்படி, சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 45,000 டாலர்கூட இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே ஏழையையே அம்பலத்தின் வாசலில் நிற்க வைத்துக் களைக்கச் செய்கிறார்கள்.

2021-இல் வந்த சட்டப்படி, சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவர்களுக்கு வெளியார் யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. சாவடிப் பணியாளர்களான நாங்கள் தண்ணீரை ஓரிடத்தில் வைக்கலாம். வேண்டியவர்கள் தாங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். போன தேர்தலில் வீங்கிய காலோடு நின்ற ஒரு கறுப்பினப் பாட்டி, மேஜை மேலிருந்த புட்டியைக் காட்டி, "இதை எடுத்தால் குற்றமா, அம்மா?" என்று என்னிடம் கேட்டார். குற்றமில்லை என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். பின்னால் நின்றவர் இடம் விட்டு வைத்திருந்தார். தண்ணீர்ப் பந்தல் வைப்பது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இதெல்லாம் கறுப்பினத்தவர் பிரச்சினை என்று நம் தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் பேசுவது உனக்குத் தெரியும். நன்றாகப் படித்து முன்னேறியிருக்கலாமே என்று வேறு சொல்வார்கள். 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று இதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் கதவு திறந்தபோதும் வருடத்துக்கு 100 இந்தியர்தான். 1965 மார்ச்சில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்கள் அலபாமா மாநிலத்துச் செல்மா பாலத்தில் தடியடி பட்டார்கள். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது, அக்டோபரில் குடியேற்றச் சட்டம் மாறியது. இரண்டிலும் அதிபர் ஜான்சன்தான் கையெழுத்திட்டார். அந்த இரண்டாவது கையெழுத்தின் வழியாகத்தான் உன் அப்பா இந்த நாட்டுக்குள் வந்தார். நோகாமல் நுங்கு தின்றவர்கள் நாம்.

அந்த வாக்குரிமைச் சட்டத்தின் பல்லை 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடுங்கிவிட்டது. முன்பெல்லாம் டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும். தீர்ப்பு வந்த அன்றே, அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக டெக்சாஸ் அறிவித்தது. அங்கே கைத்துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம். உன் பல்கலைக்கழக அட்டையைக் காட்டினால் செல்லாது. உன் ஜார்ஜியா ஓட்டுநர் உரிமமும் செல்லாது. மாற்று மாற்று என்று எத்தனை முறை சொல்லிவிட்டேன்!

பதிவுப் படிவத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். புதிதாகப் பதிவதற்கு அங்கே இணைய வசதி கிடையாது. கையெழுத்திட்டுத் தபாலிலோ நேரிலோ சேர்க்க வேண்டும், தேர்தலுக்கு 30 நாள் முன்பே. சாவடியில் பாஸ்போர்ட் செல்லும். உன் பாஸ்போர்ட் என் பீரோவில் இருக்கிறது. படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டேன் என்று நீ சொன்ன மறுநாள் அனுப்பிவைக்கிறேன், அதுவரை இல்லை.

அன்புடன்,
அம்மா