மடித்துக் கொடுத்த பக்கம்

தலவாக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

இங்கு எல்லோரும் நலம். மழை விடவில்லை. நீ படுக்கும் பக்கம் ஒழுகிய தகரத்துக்குத் தார் பூசியிருக்கிறேன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்த்தான் வருகிறாள். நாள் சம்பளம் இவ்வளவு என்று பேச்சு, ஆனால் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், முழு நாள் சம்பளம். ஈரக் கொழுந்து என்று தண்ணிக் கழிவு வேறு வெட்டுகிறார்கள். அது கிடக்கட்டும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தீபாவளிக்கு நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அசைன்மென்ட் என்றாய், சரி. அந்த வாரம் கண்டித் துணிக்கடைகளில் கால் வைக்க இடமில்லையாம். அங்கே வேலைக்கு நிற்கிற பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாட்டுக்குக்கூட நேரம் கிடைக்கவில்லையாம். பக்கத்து லயத்துப் பையன் உடுப்பு எடுக்கப் போய்விட்டு வந்து சொன்னான். சும்மா சொல்கிறேன்.

உனக்குக் கிடைக்கிற மகாபொல ஸ்கொலர்ஷிப் காசைக் கூட்டிவிட்டார்களாம், பள்ளிக்கூட மாஸ்டர் சொன்னார். அது தொடங்கியது 1981இல் என்றார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்று மாடு பார்க்கப் போன வருஷம் அது. அந்தக் காசு நீ சாப்பிடுவதற்குத் தருகிற காசு பாப்பா. பணிஸும் பிளேன்டீயும் குடித்துப் படிப்பதற்கு இல்லை.

மாஸ்டர் உங்கள் தமிழ்ச் சங்க மலரையும் கொண்டுவந்து தந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நீ எழுதிய பக்கத்தை மட்டும் மடித்துக் கொடுத்தார். எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தேன். கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்துதான் பேராதனை கெம்பஸ் பக்கம் ஓடுகிறது, நம்ம ஊர்த் தண்ணியைப் பார்த்துக்கொண்டுதான் லைப்ரரிக்கு நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆற்றைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. அடுத்த காம்பராவுக்கும் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஆனால் "மலையகத்தின் ஒரு மூலையில்" என்று எழுதியிருக்கிறாயே, தோட்டத்தின் பெயரைப் போட்டால் என்ன? உன் தாத்தா 1947இல் ஓட்டுப் போட்ட தோட்டம். அடுத்த வருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1952 தேர்தலில் அவருக்கு ஓட்டு இல்லை. பேரை வெட்டிவிட்டார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீயுமா வெட்ட வேண்டும்? குறை சொல்லவில்லை. அங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், தெரியும்.

அப்புறம் அந்த வரி. உனக்குத் தைரியம் தந்தவர்கள் என்று மாஸ்டரை எழுதிவிட்டு, "என் அப்பா ஒரு நாளும் படிப்பு வேண்டாம் என்று சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

ஏன் பாப்பா அப்படி எழுதினாய்?

ஓ.எல். பரீட்சை முடிந்த மாதம் தரகர் 15000 ரூபாவை எண்ணி வைத்தது இந்த மேசையில்தான். கொழும்பில் பிள்ளை பார்க்கிற வேலை, நல்ல வீடு என்றார். உன் பையைக் கட்டியது நான். நீ அழவில்லை, அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாய். ராத்திரி டோர்ச்சோடு மாஸ்டர் வந்தார். மழையில் வாசலில் நின்று பேசியவரை நான் உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அம்மா தோட்டைக் கழற்றி வைத்தாள். அதை அடகு வைத்துத்தான் தரகரின் காசைத் திருப்பிக் கொடுத்தோம். தோடு இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அன்றைக்கு 15000. இப்போது மாதாமாதம் நீ அனுப்புகிற 4000. அம்மாவின் மருந்துக்கு என்று சொல்லித்தான் வாங்குகிறேன். கிளினிக்கில் மருந்து சும்மா தருகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? காசு அண்ணனின் ஓட்டோ லீசிங்குக்குப் போகிறது. தெரிந்துதான் அனுப்புகிறாய் என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அதனால் கேட்கவில்லை.

இந்த மாதம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். லீசிங்கை அவன் பார்த்துக்கொள்வான், பார்க்காவிட்டால் தூக்கிக்கொண்டு போகட்டும். நான் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குப் போகிறேன், கை இன்னும் ஓடுகிறது.

அம்மா உன் கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். அந்த வரி வந்ததும் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். "முழுசா வாசிங்க" என்றாள். மாஸ்டர் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் போல. வாசித்தேன். அவள் எழுந்து போய் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

பக்கத்து லயத்துப் பையன் புதன்கிழமை கண்டிக்கு வருகிறான். தேத்தூள், மாசிச் சம்பல், உன் பச்சை ஸ்வெட்டர் கொடுத்துவிடுகிறேன். எங்கே வந்து தர வேண்டும் என்று அவனுக்குச் சொல். ஹொஸ்டலோ, வேறு எங்கேயோ, நீ இருக்கிற இடத்துக்கு வருவான். சம்பல் போத்தலின் மூடி இறுக்கமில்லை, சாய்க்காமல் வை.

சாப்பிடு.

அப்பா