பழைய காரில் பின் ஸ்பீக்கர் மாற்றும் வேலை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நம் கடையைப் பற்றி ஒரு குரல் பதிவு சுற்றி வருவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். "ரெண்டு ஸ்பீக்கர் மாத்த அரை நாளா? பலகை, வயர்னு தேவையில்லாத வேலையைச் சேர்த்துக் காசு வாங்குறாங்க" என்பது அதன் சாரம். பேசியது யார் என்று நாங்கள் தேடப் போவதில்லை. கூலி அதிகம் என்று மட்டும் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். 'தேவையில்லாத வேலை' என்றதுதான் மனதில் தைக்கிறது.

புது வண்டியில் பழையதைக் கழற்றி, அதே துளையில் புதியதை முடுக்கி, ஒரு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் நம்மிடம் வருபவை பெரும்பாலும் பழைய வண்டிகள்: மாருதி 800, சென், எஸ்டீம், ஐகான், அக்சென்ட். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்றும் சேரும். இந்த ஈரத்தில் ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் உளுத்துப்போய், விரல் பட்டாலே பப்படம் போல நொறுங்கும். வளையம் போனதும் கூம்பு நடுவிலிருந்து விலகி, அதன் அடியில் உள்ள கம்பிச்சுருள் காந்தத்தில் உரசும். நீங்கள் கேட்கும் கரகரப்பு அதுதான். கடப்புறத்து வண்டிகளுக்குக் காகிதக் கூம்பு வேண்டாம், பாலி (பிளாஸ்டிக்) கூம்பும் ரப்பர் வளையமும் உள்ளதாக எடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

இனி அந்தப் பலகை. 800, சென் வண்டிகளில் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, அதாவது பின் டிரே, வெறும் அழுத்திய அட்டை. ஈரம் குடித்த அட்டையில் ஆறுக்கு ஒன்பது அங்குல ஓவல் ஸ்பீக்கரை மாட்டினால் காந்தத்தின் பாரத்தில் அட்டை தொய்ந்து, பாட்டோடு சேர்ந்து தானும் அதிரும். புது ஸ்பீக்கர் மட்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். இன்னொன்று: கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் இடைவெளி வழியே கலந்தால் ஒன்றையொன்று அடித்து, பேஸ் (அடித்தொனி) காணாமல் போகும். அதற்காகத்தான் 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) வெட்டி, விளிம்புக்குப் பெயின்ட் அடித்து, ஸ்பீக்கருக்கு அடியில் ஃபோம் பட்டை வைத்து முடுக்குகிறோம். எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) மலிவு, ஆனால் ஒரு மழைக்காலம் கண்டால் ஊதிவிடும், வைக்க மாட்டோம். டிரே உறுதியாக இருக்கும் வண்டிக்குப் பலகை போடுவதும் இல்லை, அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. எஸ்டீம், ஐகான் போலத் தனி டிக்கி உள்ள வண்டிகளில் டிரே இரும்புத் தகடுதான். அங்கே பின் கண்ணாடி ரப்பர் வழியே நீர் கசிந்து துளை விளிம்பு துருப்பிடித்திருந்தால், அதைச் சுரண்டி பிரைமர் அடிக்க வேண்டும். டிக்கி மூடியின் முறுக்குக் கம்பி காந்தத்தில் இடிக்கிறதா என்று மூடியை மெல்ல இறக்கிப் பார்த்துவிட்டே ஸ்குரூ போட வேண்டும்.

வயருக்கும் காரணம் உண்டு. மிகப் பழைய சில வண்டிகளில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். இன்றைய ஸ்டீரியோவில் பிளஸ், மைனஸ் இரண்டிலும் கரண்ட் ஓடும்; மைனஸ் பாடியைத் தொட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் சிப் (ஐ.சி.) போய்விடலாம். ஆகவே டாஷ்போர்டிலிருந்து பின்பக்கம் வரை கதவுக்கு அடியில் உள்ள படி மூடியைக் கழற்றி ரெட்டை வயர் இழுக்கிறோம். அரை நாளில் பாதி இதற்கே போகிறது. புது ஸ்டீரியோக்களின் வயரில் பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் கார் கம்பெனி வயருக்குக் கம்பெனிக்கு ஒரு நிறம் என்பதால் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துத் தேடுகிறோம். பிறகு 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடுவோம். அகலமான முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் இரண்டும் பாடும், பேஸ் மட்டும் இருக்காது. வீட்டிலேயே மாற்றியவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள், கடைக்கு வர வேண்டியிருக்காது.

பெட்டியில் 400 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆன்லைனில் வாங்கி வருபவர்களுக்கும் ஒரு சொல். '50 வாட் நாலு' என்று அச்சிட்ட ஸ்டீரியோ தொடர்ந்து தருவது 15 முதல் 20 வாட்தான். வாட்டை விட்டுவிட்டு சென்சிட்டிவிட்டியை, அதாவது குறைந்த வாட்டில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவைப் பாருங்கள்; 90 டெசிபலுக்கு மேல் இருந்தால் தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே நன்றாகப் பாடும்.

வயரிங் பார்த்துவந்த தம்பி வளைகுடாவுக்குப் போயிருக்கிறார். நல்ல வேலை, மகிழ்ச்சியோடுதான் அனுப்பினோம். அதனால் இனி முன்கூட்டியே நாள் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு ஜோடிக்கான கூலி அடுத்த மாதம் முதல் 600 ரூபாய்க்குப் பதில் 750; வெளியில் வாங்கி வரும் ஸ்பீக்கருக்கு எங்கள் வாரண்டி இல்லை.

பதிவைக் கேட்டதும் போன் செய்து, "நாங்க இருக்கோம், வருத்தப்படாதீங்க" என்று சொன்ன தக்கலை, குலசேகரம், நித்திரவிளை வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? அப்பா வண்டிக்கு வேலை பார்த்த கடை என்று மகனும் தேடி வருகிறார். அந்த நம்பிக்கையில்தான் ஷட்டர் திறக்கிறோம்.

கழற்றிய பழைய ஸ்பீக்கரும் உளுத்த அட்டையும் இனி ஒவ்வொரு வண்டியின் டிக்கியிலும் வைத்தே தரப்படும். வாங்கிக்கொண்டு, சந்தேகம் இருந்தால் அங்கேயே கேளுங்கள். வரும்போது டிக்கியைக் காலி செய்து வந்தால் எங்களுக்கு நேரம் மிச்சம்.

அன்புடன்,
உங்கள் கார் ஆடியோ கடை, மார்த்தாண்டம்