அது மேரி மாதா சிலை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் மிசன் ஹெட் முனைக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்கிபரீனில் சற்று நேரம் இறங்கியிருக்கிறார். "வரலாறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத தூங்குமூஞ்சி ஊர். காபி மட்டும் நன்றாக இருந்தது" என்று எழுதி முடித்துவிட்டார். காபியைப் பாராட்டியதற்கு ஊர் சார்பில் நன்றி.

மிசன் ஹெட்டுக்குப் போனவர் என்றால் அபிஸ்ட்ரோரி கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். ஊர் எல்லையில், ஐலன் ஆற்றங்கரையில், சாலையோரமாகவே இருக்கிறது. அங்கே ஒரு புல்தரை உண்டு. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் செத்தவர்களில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை அதன் அடியில் கிடக்கிறார்கள். பெயர் கிடையாது, பெட்டியும் கிடையாது. அடிப்பலகை திறந்துகொள்ளும்படி கீல் வைத்த சவப்பெட்டியில் கொண்டுவந்து, உடலைக் குழியில் இறக்கிவிட்டு, அதே பெட்டியை அடுத்தவருக்கு எடுத்துப் போனார்கள். டாம் கெரின் என்ற சின்னப் பையனைச் செத்துவிட்டான் என்று குழியில் போட்டு, மண்வெட்டி காலில் பட்டதும் அவன் முனகி, உயிரோடு மீட்ட கதையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் வளர்ந்து, முறிந்த கால்களோடு இந்தத் தெருக்களில்தான் நடமாடினாராம். 1847இல் ஜேம்ஸ் மஹோனி என்ற ஓவியர் இந்தப் பகுதியில் வரைந்த படங்கள் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு ஸ்கிபரீன் என்ற பெயர் வெளியுலகத்துக்குப் பஞ்சத்தின் மறுபெயர் ஆனது. இதெல்லாம் வரலாற்றில் சேராது போலிருக்கிறது. சரி.

உங்கள் பத்திரிகையில் அயர்லாந்து படும் பாடு இது முதல் தடவையும் அல்ல. சில வருடங்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில், உருளைக்கிழங்கில் நோய் வந்ததால் பத்து லட்சம் பேர் செத்தார்கள் என்று பதில் போட்டீர்கள். கிழங்கில் நோய் வந்தது நிஜம். ஆனால் அதே வருடங்களில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் மாடும் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. வாடகை கட்ட முடியாத குடியானவர்களை வீட்டை இடித்துத் துரத்தினார்கள். தாது வருஷப் பஞ்சத்தையும் கஞ்சித்தொட்டியையும் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட நமக்கு இதை ஒருவர் விளக்க வேண்டுமா? அப்போதே எழுதினேன். என் கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, கீழே 'லண்டன் வாசகி' என்று போட்டீர்கள். 1922இல் தனி நாடாகி, 1949இல் குடியரசு என்று அறிவித்துக்கொண்ட நாட்டில் உட்கார்ந்திருப்பவளை லண்டனுக்கு அனுப்பிவைத்த பெருமை தங்களுடையது.

பத்திரிகைத் தொழிலில் இருக்கும் தங்களுக்கு 'ஸ்கிபரீன் ஈகிள்' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1898இல் இந்தச் சின்ன ஊரின் பத்திரிகை, ரஷ்யச் சக்கரவர்த்தியின் மேல் எங்களுக்கு ஒரு கண் இருக்கிறது என்று தலையங்கம் எழுதியது. ஊர் உலகமெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும். அந்த ஆசிரியர் இங்கிருந்து ரஷ்யா வரைக்கும் பார்த்தார். நீங்கள் அனுப்பிய ஆள் காபிக் கடைக்கு வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

தூங்குமூஞ்சி என்பதற்கும் வருகிறேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். காலையில் உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் யாரும் மாத்திரை விழுங்க மாட்டார்கள், பேச்சு மூச்சு இருக்காது. யார் போனார், எந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள், எப்போது பூசை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் துட்டி கேட்கப் போவதைப் போலவே, சாவு வீட்டில் ஊரே வரிசையில் நின்று கைகொடுத்துவிட்டுப் போகும். என் கணவர் கார்க் நகர மருத்துவமனையில் கிடந்தபோது, இங்கிருந்து எண்பது கிலோமீட்டர், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் முறைபோட்டு என்னைக் காரில் கூட்டிப் போனார்கள். 1961இல் மூடிய ரயில் பாதை இருந்திருந்தால் அவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்திருக்காது. திரும்பி வந்தால் வாசற்படியில் துணி சுற்றிய ரொட்டி இருக்கும், யார் வைத்தார்கள் என்று சீட்டுகூட இருக்காது.

2016இல் ஓடோனவன் சகோதரர்கள் ரியோவில் துடுப்புப் படகுப் போட்டியில் வெள்ளி வாங்கியதை எங்கள் இல்லத்தில் சக்கர நாற்காலிகளைத் தொலைக்காட்சி முன்னால் நெருக்கிப் போட்டுப் பார்த்தோம். துடுப்புப் படகில் அயர்லாந்துக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அண்ணன் தம்பி இருவரும் எங்கள் ஊர்ப் படகுச் சங்கத்துப் பிள்ளைகள். தம்பி பால், இன்னொரு ஸ்கிபரீன் பையனான ஃபின்டன் மெக்கார்த்தியோடு சேர்ந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கமே வாங்கினார். சுமார் மூவாயிரம் பேர் உள்ள ஊர் இது. தூங்கிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள் போல.

எல்லாவற்றையும்விட என்னைப் பொறுக்க முடியாமல் செய்தது கட்டுரையோடு வந்த படம். சதுக்கத்தில் உள்ள சிலையின் கீழே 'மேரி மாதா சிலை, ஸ்கிபரீன்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் மேரி மாதா அல்ல, ஏரின் மங்கை. அயர்லாந்து நாட்டையே பெண்ணாக வடித்து 1904இல் நிறுத்தியது. பீடத்தில் 1798, 1803, 1848, 1867 என்று பொறித்திருக்கிறது. நான்கும் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்த ஆண்டுகள். ஆங்கிலேயருக்குச் சிம்மசொப்பனமாக இருந்த ஓடோனவன் ரோசா 1856இல் பீனிக்ஸ் சங்கம் என்ற விடுதலைச் சங்கத்தைத் தொடங்கியதும் இதே ஊரில்தான். படம் எடுத்தவர் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தால் அந்த ஆண்டுகளாவது விழுந்திருக்கும்.

தாங்கள் மறுப்புக் கட்டுரை போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்கெல்லாம் பக்கம் இருக்காது என்பது தெரியும். அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பை மட்டும் திருத்தி ஒரு வரி போடுங்கள், போதும். அப்புறம், சந்தா கட்டியும் தீபாவளி மலர் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் சந்தாப் பிரிவில் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்கிபரீன், கார்க் கவுண்டி, அயர்லாந்து.