செலவு எங்கும் போகவில்லை: அமெரிக்கக் காங்கிரஸின் இரு கட்சியினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதிநிதிகள் சபை, செனட் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஹூஸ்டனில் சின்னக் கடைக்காரர்களுக்கும் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கும் வரிக்கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு எவ்வளவு செலவு செய்யலாம் என்று நீங்கள் வருடக்கணக்காக மோதிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் கணக்கு எழுதும் விதம்தான் உறுத்துகிறது. என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

முதலில் ஜனநாயகக் கட்சியினர். 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் குடியரசுக் கட்சியின் ஒரு ஓட்டுகூட இல்லாமல் பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று நிறைவேறியது. காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம், அதாவது கட்சி சாராமல் கணக்குப் போட்டுத் தரட்டும் என்று காங்கிரஸே 1974-இல் சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகம், பத்து வருடத்தில் பற்றாக்குறை 14,300 கோடி டாலர் குறையும் என்றது. அந்த எண்ணை நீங்கள் மேடைக்கு மேடை சொன்னீர்கள். அதில் சுமார் 7,000 கோடி, முதியோரின் நீண்டகாலப் பராமரிப்புக்கான ஒரு காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வந்தது. முதல் சில வருடங்கள் சந்தா மட்டும் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் பணம் கொடுக்கத் தொடங்கும் திட்டம். பத்து வருடக் கணக்கில் வரவு பெரிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? இது தாங்காது என்று 2011-இல் ஒபாமா அரசே அதைக் கைவிட்டது. இன்னொரு வரவு, விலை கூடிய காப்பீட்டுத் திட்டங்கள் மீதான 40 சதவீத வரி. 2018-இல் தொடங்கியிருக்க வேண்டும். 2020, 2022 என்று தள்ளிப்போட்டு, 2019 டிசம்பரில் இரு கட்சியும் கைகோத்து ரத்து செய்தீர்கள். ஒரு டாலர்கூட வசூலாகவில்லை. சீனிச் சர்க்கரைச் சித்தப்பா, ஏட்டில் எழுதி நக்கப்பா கதைதான்.

குடியரசுக் கட்சியினரும் சளைத்தவர்கள் இல்லை. அந்தச் சட்டத்தை ரத்து செய்தால் பற்றாக்குறை 23,000 கோடி கூடும் என்று 2011-இல் அதே அலுவலகம் சொன்னபோது, அது அவர்கள் அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிட்டார் அன்றைய சபாநாயகர் ஜான் போய்னர். அந்தச் சட்டத்தை மாற்றும் உங்கள் மசோதாவுக்கு 2017 மே 4 அன்று, அலுவலகத்தின் மதிப்பீடு வருவதற்கு முன்பே, பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று ஓட்டுப் போட்டு முடித்தீர்கள். அந்த மாதக் கடைசியில் மதிப்பீடு வந்தது: பற்றாக்குறை 11,900 கோடி குறையும், 2026-இல் காப்பீடு இல்லாதவர்கள் கூடுதலாக 2.3 கோடிப் பேர் இருப்பார்கள். விலையைக் கேட்காமலே வாங்குபவர்கள் சிக்கனம் பேசினால் யார் நம்புவது?

இப்போதைய சண்டைக்கு வருகிறேன். வேலையிடக் காப்பீடு இல்லாமல், ஒபாமா சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தை வழியாகக் காப்பீடு வாங்குபவர்களுக்கு 2021-இல் மானியத்தைக் கூட்டினீர்கள், 2022-இல் அதை 2025 முடியும்வரை நீட்டித்தீர்கள். நிரந்தரம் என்று எழுதினால் பத்து வருடச் செலவு வீங்கித் தெரியும். தேதி போட்டால் இளைத்துவிடும். தேதி போட்டது ஜனநாயகக் கட்சி. அந்தத் தேதி வந்ததும், நிரந்தரமாக்க 35,000 கோடி ஆகும், கட்டுப்படியாகாது என்றது குடியரசுக் கட்சி. நல்லது. ஆனால் அதே 2025-இல், 2017-இன் வரிச்சலுகைகளை நீட்டிக்கும்போது, ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதைத் தொடர்வது செலவே இல்லை என்று செனட்டில் கணக்குக் காட்டினீர்கள். வரிக்கு வெண்ணெய், காப்பீட்டுக்குச் சுண்ணாம்பா? கடைசியில் அரசாங்கத்தையே 43 நாள் மூடிவைத்தீர்கள். கூட்டிய மானியமும் வருடக் கடைசியோடு முடிந்தது.

முடிந்ததும் என்ன ஆனது என்று என் மேஜையிலிருந்து சொல்கிறேன். மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியும் அவர் மனைவியும் என் வாடிக்கையாளர்கள். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். 65 வயதில் கிடைக்கும் அரசுக் காப்பீடான மெடிக்கேருக்கு இன்னும் வயது வரவில்லை. கூட்டிய மானியம் இருந்தவரை, நடுத்தரத் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. 2026-இல் இரண்டு பேர் குடும்பத்துக்கு எல்லைக்கோடு 84,600 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் சம்பாதித்தாலும் மானியம் பூஜ்யம். அந்த வயதில் முழுப் பிரீமியம் வருடத்துக்கு இருபதாயிரத்தைத் தாண்டும். வருமானத்தை உத்தேசமாகச் சொல்லி முன்கூட்டி வாங்கிய மானியத்தையும், வரிக்கணக்கோடு தரும் 8962 படிவத்தில் மொத்தமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்காவது, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது, 2025 வரிச் சட்டத்தில் அதையும் எடுத்துவிட்டீர்கள். ஆக, தீபாவளிக்கு வியாபாரம் கொஞ்சம் நன்றாக ஓடினால் அண்ணாச்சிக்கு நஷ்டம். "தம்பி, டிசம்பர்ல கடைய ரெண்டு வாரம் அடைச்சிரட்டுமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். நானோ விளையாட்டில்லாமல், ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு போட்டால் வருமானம் கோட்டுக்குக் கீழே வரும் என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அரசு மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் தொகை இங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதைச் சொன்னால், "என் வரிப்பணத்தில் எதற்கு இன்னொருவருக்குக் காப்பீடு?" என்று கேட்கும் நண்பர்கள் நம் தமிழ் வட்டத்திலேயே உண்டு. பெரும்பாலும் ஐடி கம்பெனிக் காப்பீட்டில் இருப்பவர்கள். கம்பெனி கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரி கிடையாது என்பது 1954-இலிருந்து வரிச்சட்டத்தில் இருக்கிறது. அரசு இழக்கும் அந்த வரி வருடத்துக்கு 20,000 கோடி டாலருக்கு மேல். அதுவும் மானியம்தான், காசோலையாக வராததால் கண்ணில் படுவதில்லை. உங்கள் காப்பீட்டிலும் ஒரு பங்கை அரசுதான் கட்டுகிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2023-இல் இந்த நாட்டின் மொத்த மருத்துவச் செலவு 4.9 லட்சம் கோடி டாலர், உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம். மானியத்தை நிறுத்துவதால் ஒரு ஸ்கேனின் விலையோ ஓர் இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலின் விலையோ குறைந்துவிடாது, கட்டுபவர்தான் மாறுவார். மானியத்தைக் கூட்டினாலும் அந்த விலை இறங்காது, இதை ஜனநாயகக் கட்சியினரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்த மசோதாவோடு அரசு, முதலாளி, குடும்பம் என்று மூன்று பத்தியில் செலவைக் காட்டுங்கள். வரிக்கும் காப்பீட்டுக்கும் ஒரே அடிப்படையில் கணக்குப் போடுங்கள். காலாவதித் தேதி வைத்தால், நீட்டித்தால் எவ்வளவு ஆகும் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு கைக்கு வராமல் ஓட்டுக்கு விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டனில் வரிக்கணக்கு எழுதும் ஒரு தமிழன்