வெட்டுறதுக்கு முன்னாடி ஆர்.சி. கேளுங்க அண்ணே

வட சென்னையில பழைய இரும்புக் கடை, பழைய பார்ட்ஸ் கடை, டிங்கரிங் பட்டறை, டோயிங் வண்டி வச்சிருக்கிற எல்லா அண்ணன்மாருக்கும் வணக்கம்.

நான் ராயபுரத்துல இருக்கேன். தெருவுல நிறுத்தியிருந்த எங்க அப்பாவோட பழைய பியட் கார் திருடு போயிடுச்சு. கமிஷனருக்கு எழுதுன்னுதான் வீட்ல சொன்னாங்க, ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் ஏற்கனவே குடுத்தாச்சு, ஆனா எனக்கு என்னமோ முதல்ல உங்ககிட்டதான் பேசணும்னு தோணுச்சு. ஏன்னா புது கார் காணாம போனா நம்பர் பிளேட்ட மாத்திட்டு எங்கயாவது ஓட்டிட்டுப் போயிடலாம், பழைய பியட்டோ அம்பாசிடரோ கான்டஸாவோ அப்படி ஓட்ட முடியாது, தெருவுல இறங்குனாலே பத்து பேர் திரும்பிப் பாப்பாங்க. அதனால திருடுனவன் அதை பெரும்பாலும் முழுசா வச்சுக்க மாட்டான். பார்ட் பார்ட்டா கழட்டி விப்பான், மிச்சத்த இரும்பு வெலைக்குப் போடுவான். ரெண்டுக்கும் அவன் உங்கள்ல யாரோ ஒருத்தர் வாசலுக்கு வந்துதான் ஆகணும்.

எங்க அப்பாவோட வண்டி 78 மாடல் பிரீமியர் பத்மினி, எல்லாரும் பியட்னுதான் சொல்லுவோம். இப்ப சின்ன பசங்களுக்கு பேரே தெரியாது, பம்பாய் குர்லாவுல செஞ்சது, 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் பக்கத்துலயே கை கியர். அப்பா துறைமுகத்துல வேலை பாத்தப்ப செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. என் தங்கச்சி பொறந்தப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தது அதுலதான், அவ கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனதும் அதுலதான். நடுவுல எத்தனையோ பேர் டீசல் எஞ்சின் மாத்திடுங்க மைலேஜ் கிடைக்கும்னாங்க, அப்பா கேக்கல. ஒரிஜினல் எஞ்சின், ஒரிஜினல் பாடி, அதே கலர். 2021ல மத்திய அரசு ஒரு ரூல் கொண்டு வந்துச்சு, 50 வருஷம் தாண்டுன வண்டி பெருசா மாத்தாம அப்படியே இருந்தா வின்டேஜ்னு தனியா பதிவு பண்ணலாம், நம்பர்ல ‘விஏ’ன்னு வரும். எங்க வண்டிக்கு 2028ல 50 ஆகுது. அதுக்காகத்தான் மனுஷன் உயிரைக் கையில புடிச்சுட்டு இருக்கேன்னு எங்க அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பாரு.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போய் பாத்தா வண்டி இல்ல.

எங்க பக்கம் தெரு எப்படின்னு உங்களுக்கே தெரியும், வீட்டுக்குள்ள கார் நிறுத்த இடம் யாருக்கும் கிடையாது, தெருவோரமாத்தான் நிக்கும். அந்தக் கால வண்டிக்கு அலாரம் இல்ல, இம்மொபிலைசர் இல்ல, முன் கதவுல இருக்கிற முக்கோணக் கண்ணாடிய நெம்பினா கை உள்ள போயிடும், டேஷ்போர்டுக்குக் கீழ ஒயர டைரக்ட் குடுத்தா ஸ்டார்ட் ஆயிடும். அதைக்கூட செய்ய வேணாம், டோயிங் வண்டியில மாட்டி பட்டப்பகல்ல இழுத்துட்டுப் போனாக்கூட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, பழைய வண்டி, ரிப்பேர் போல, பட்டறைக்குப் போகுதுன்னு நினைச்சுப்பாங்க. அதனாலதான் டோயிங் வண்டி ஓட்டுற தம்பிங்களையும் சேத்து எழுதுறேன். யாரோ போன் பண்ணி இந்த இடத்துல ஒரு வண்டி நிக்குது தூக்கிட்டு வான்னு சொன்னா, தூக்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.ய வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க தம்பி. சொந்த வண்டிக்காரன்னா உடனே அனுப்புவான்.

ஸ்டேஷன்ல நடந்ததையும் சொல்லிடுறேன். எந்த ஸ்டேஷன்னு சொல்லல, அது முக்கியமும் இல்ல. “இந்த வண்டியப் போயி யாருங்க எடுப்பா, நல்லா தேடுனீங்களா”ன்னு கேட்டாங்க. முதல்ல புகார் வாங்குனதுக்கு ரசீது மாதிரி சி.எஸ்.ஆர். மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் நடையா நடந்துதான் எஃப்.ஐ.ஆர். கிடைச்சுது. வண்டியோட மதிப்பு எவ்வளவுன்னு கேட்டப்ப அப்பா பதில் சொல்லாம நின்னுட்டே இருந்தாரு. அவங்க கேட்டதுல தப்பில்ல, ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. ஆனா என்னன்னு சொல்லுவாரு? மார்க்கெட் வெலைன்னு ஒண்ணு அந்த வண்டிக்குக் கிடையாது. இன்சூரன்ஸ்லயும் இதே கதைதான், அஞ்சு வருஷம் தாண்டுன வண்டிக்கு மதிப்ப கம்பெனியும் நாமளும் பேசித்தான் முடிவு பண்ணணும், இவ்வளவு பழசுன்னா ஃபுல் கவர் குடுக்கவே நிறைய பேர் யோசிக்கிறாங்க, அதனால பழைய வண்டிக்காரங்க முக்கால்வாசி பேர் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போட்டிருப்பாங்க. தேர்டு பார்ட்டியில திருட்டுக்கு ஒத்த பைசா வராது. பணம் வந்தாலும் வேற 78 பியட் அதே மாதிரி எங்க போய் வாங்குறது, அந்த கம்பெனி பத்மினிய நிறுத்தியே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

அப்பாவுக்கு இப்ப வயசு எழுபத்தி மூணு. தினம் காலையில எழுந்து வண்டிய தொடைக்கிறதுதான் அவருக்கு வேலையே, அப்புறம் சோக்க இழுத்து ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விடுவாரு, தெருப்பசங்க சுத்தி நின்னு கேள்வி கேப்பாங்க, இவரு பானட்டைத் தூக்கி இது கார்புரேட்டர் இது டைனமோன்னு பாடம் எடுப்பாரு. இப்ப காலையில எழுந்து பேப்பர மடியில வச்சுட்டு உக்காந்திருக்காரு, படிக்கிறதில்ல. சுகர் ஏறிப்போச்சு. டாக்டர் வாக்கிங் போகச் சொன்னா, கிளம்பி நேரா மூலக்கொத்தளம் வரைக்கும் போயி ஒவ்வொரு பட்டறையா எட்டிப் பாத்துட்டு வராரு. உங்கள்ல சில பேர் அவரைப் பாத்திருப்பீங்க. வெள்ளைச் சட்டை, கையில ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ள ஆர்.சி. புக்கு ஜெராக்ஸ். சில கடையில உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்திருக்கீங்க, அதுக்கு ரொம்ப நன்றி அண்ணே. சில கடையில விரட்டியும் விட்டிருக்காங்க.

நம்ம ஏரியாவுக்கு இது நல்லா இல்லண்ணே. வண்டி செஞ்ச ஊரு இது. 1948ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 காரை அசெம்பிள் பண்ணாங்க, அதுதான் 1955ல அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 55லதான் என்ஃபீல்டு புல்லட்டும் இங்க வந்துச்சு, திருவொற்றியூர் புல்லட்னா நாடு பூரா தெரியும். எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனிகூட 1946ல திருவொற்றியூர்ல பலூன் செய்யுற சின்ன கொட்டகையாத்தான் ஆரம்பிச்சுது. உங்க பட்டறையில இருக்கிற பெரியவங்கள்ல எத்தனையோ பேர் இந்தக் கம்பெனிங்கள்ல வேலை கத்துக்கிட்டவங்க. வண்டியோட அருமை தெரிஞ்ச கை அது. ஒரு வண்டிய பாத்த உடனே இது பாத்து பாத்து வச்சிருந்த வண்டியா, வெயில்ல கிடந்து துருப்புடிச்ச வண்டியான்னு உங்களுக்குத் தெரியாதா? நல்லா பாலிஷ் போட்ட, ஓடுற நிலையில இருக்கிற பியட்ட ஒருத்தன் கிலோ கணக்குல எடைக்குப் போட வந்தா, அங்கயே சந்தேகம் வரணும்ல.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, நம்புறதுக்குக் காரணம் இருந்தோ வாங்குனா ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பி.என்.எஸ். சட்டம் 317ம் பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அதையே வழக்கமா பண்ணா ஆயுள் வரைக்கும் போகலாம். உங்களை மிரட்டுறதுக்குச் சொல்லல. அரசாங்கப் பதிவு வாங்குன ஸ்கிராப் சென்டருக்கு 2021 ரூல்ல என்ன இருக்குன்னா, வண்டிய உடைக்கிறதுக்கு முன்னாடி அது திருட்டு வண்டியான்னு போலீஸ் ரெக்கார்டுல பாக்கணும், சேஸ் நம்பர் இருக்கிற துண்ட வெட்டி ஆறு மாசம் பத்திரமா வச்சிருக்கணும். நம்ம சின்ன பட்டறைங்களால கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்க முடியாதுதான். ஆர்.சி.யில இருக்கிற சேஸ் நம்பரும் வண்டியில அடிச்சிருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாக்கலாம்ல. விக்க வந்தவனோட ஆதார ஒரு போட்டோ எடுக்கலாம். மனசுக்கு சரியாப் படலன்னா வெட்டாம ஒரு வாரம் ஓரமா நிறுத்தி வைக்கலாம். அந்த ஒரு வாரம் எங்கள மாதிரி குடும்பத்துக்கு எவ்வளவு பெருசுன்னு சொல்லவே தெரியல.

பியட், ஹெரால்டு, அம்பாசிடர் வச்சிருக்கிற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா கழட்டுன பார்ட்ட கடைசியில வாங்குறது நாமதான். ஒரிஜினல் கை கியர் செட்டு, உடையாத டெயில் லேம்ப், குரோம் போகாத பம்பர்னு ஒண்ணு கிடைச்சா நமக்குக் கை நடுங்கும், வெலைகூட கேக்காம எடுத்துடுவோம். எந்த வண்டியிலேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுட்டு எடுங்க. அப்பாவுக்குத் தெரிஞ்ச பியட்காரர் ஒருத்தர் இப்ப ஹார்ன் ரிங் வாங்கப் போனாக்கூட அப்பாவுக்கு போட்டோ அனுப்பி இது உங்களுதா சார்னு கேட்டுட்டுத்தான் வாங்குறாரு. அப்புறம், வச்சிருக்கிறவங்க வண்டியில உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளத்த எல்லாம் இன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்குங்க. ஆர்.சி. இன்னும் பழைய புக்காவே இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயி கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க.

எங்க வண்டியோட அடையாளம் சொல்றேன். டிரைவர் சீட்டுக்குக் கீழ தரையில உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுர வெல்டிங் ஒட்டு இருக்கும். ஸ்டீயரிங்ல வலது கைப் பக்கம் ஒரு விரிசல், அதுல கறுப்பு எம்-சீல் வச்சு அப்பாவே தேச்சது. டிக்கி மூடிக்கு உள்பக்கம் ஆயில் பெயின்ட்ல சின்னதா ஒரு வேல் வரைஞ்சிருக்கும். முழு வண்டியா இல்லன்னாலும் பரவாயில்ல, இதுல ஏதாவது ஒண்ணு உங்க கடையில கிடந்தா அந்தப் பெரியவர் அடுத்த தடவை வரும்போது விரட்டாம எடுத்துக் காட்டுங்க. நீங்க எவ்வளவு குடுத்து வாங்குனீங்களோ அதை நான் குடுத்துடுறேன்.